அரிசி மாவு போட்ட வழி

அண்ணாவுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது அவன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். அதற்கு முன்னால் மாட்டுங்கா ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றாலும் அவன் படியில் நிதானமாகத்தான் இறங்குவான், அடுத்த வண்டி வராமலா போகும் என்பான். ஃபோர்ட்டில் அவன் குமாஸ்தாவாக இருந்த கம்பெனிக்கும் மற்ற கம்பெனிகளுக்கும் வருஷம் ஒரு தடவை ஓட்டப் பந்தயம் நடக்கும். மைதானத்தைச் சுற்றுகிற ஓட்டம் இல்லை. மேடு, பள்ளம், வரப்பு, ஓடை எல்லாம் தாண்டி ஐந்து மைல் ஓட வேண்டும். ஆள் குறைகிறது என்று இவனைச் சேர்த்தார்கள். இவன் எப்படியோ ஏழாவதாக வந்து தொலைத்தான். அன்றோடு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

அறுபதுகளின் நடுவில், அரிசி ரேஷனில் இருந்த வருஷங்கள் அவை. ஞாயிறு காலை முதல் வண்டியில் எட்டொன்பது பேர் ஏறுவோம். தானே தாண்டி கல்வாவில் இறங்கி, தெற்கே ஐரோலிப் பக்கமாக ஒரு மணி நேரம் நடந்தால் மலையடியில் ஒரு கிராமம் வரும். நாற்பது வீடு, ஒரு கிணறு, ஒரு குளம், எண்ணி மாளாத ஆடுகள். கிழக்கே மலை. மேற்கே வயல், அதைத் தாண்டி உப்பளம், அதற்கப்பால் கடல்நீர் ஏறியிறங்கும் கழி. ஓடுவதற்கு இதைவிட நல்ல இடம் பம்பாய்க்குப் பக்கத்தில் கிடையாது என்று அண்ணா சொல்வான். அவன் வேறு இடம் பார்த்ததும் கிடையாது.

என்னை அழைத்துப் போனது ஓடுவதற்கு அல்ல. எனக்குப் பத்தொன்பது வயது, எஸ்.எஸ்.சி. முடித்து டைப்பிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன், ஜாதகம் நாலு வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. பைகளுக்குக் காவல் இருக்கவும் இட்லிப் பொட்டலங்களைத் தூக்கி வரவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அண்ணா கூட இருக்கிறானே என்று அம்மாவும் விட்டாள்.

ஆனால் மலையில் ஓடுவதற்கு வழி குறித்து வைக்க வேண்டும். ஒற்றையடிப் பாதைகள் அங்கே நினைத்த இடத்தில் பிரியும், நினைத்த இடத்தில் சேரும். ஒவ்வொரு திருப்பத்திலும் வெள்ளைப் பொடி ஒரு கை போட்டு வைத்தால்தான் வருகிறவன் தப்பாமல் வருவான். அதற்கு ஒருவர் முன்னால் போக வேண்டும். முன்னால் போகிறவர் பந்தயத்தில் ஓட முடியாது. அதனால் யாருக்கும் அதில் இஷ்டமில்லை.

“நீ போடேன். தினம் கோலம் போடற கைதானே” என்றான் அண்ணா.

முதல் வாரம் நடந்து போனேன். பாதி வழியிலேயே எல்லாரும் என்னைப் பிடித்துவிட்டார்கள், முன்னால் பொடி இல்லாமல் நின்று கத்தினார்கள். அடுத்த வாரம் அண்ணாவின் பழைய கான்வாஸ் ஷூவில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கி இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, அவர்கள் கண்ணில் மறைந்ததும் ஓடினேன். மூன்றாம் வாரம் ஓடுவதற்காகவே சனிக்கிழமை ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அந்த வழிகளை இப்போதும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். கிணற்று வழி சின்னது, மலை இடுப்போடு போய்த் திரும்பிவிடும். பனைமர வழியில் மூன்று ஏற்றம், மூன்றாவது ஏற்றத்தில் வாயில் இரும்பு ருசி வரும். ரயில் வழி என்று ஒன்று. மலையைக் குடைந்து ரயில் போகிற சுரங்கம் அதற்கு அடியில் எங்கேயோ இருந்தது. வண்டி போகும்போது மேலே மண் அதிரும் என்று அண்ணா அடித்துச் சொல்வான். எனக்கு என் நெஞ்சு அதிர்வதுதான் தெரியும். மழை முடிந்த மாதங்களில் புல் முழங்கால் வரை நிற்கும், பனியில் புடவைத் தலைப்பெல்லாம் நனையும். உச்சியில் ஏறி நின்றால் கழி முழுக்க ஒரே வெளிச்சமாக இருக்கும். நின்று பார்க்க நேரம் கிடையாது. பின்னால் விசில் கேட்டுவிடும்.

எட்டுப் பேர் ஓடினார்கள், அவர்கள் நேரத்தை எல்லாம் அண்ணா ஒரு நோட்டில் குறித்தான். எல்லாருக்கும் முன்னால், தோளில் நாலு படிப் பொடியோடு, அதே வழியை ஓடி முடித்துவிட்டுக் கிணற்றடியில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேனே, என் நேரம் எந்த நோட்டிலும் இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான். அவர் தாராவியிலிருந்து வருகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பதனிடும் கிடங்கில் வேலை. அண்ணாவின் கம்பெனியைச் சேர்ந்தவர் இல்லை. சிவாஜி பார்க்கில் ஒருநாள் காலை இவர்களைப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு பின்னாலேயே ஓடி வந்து ஒட்டிக்கொண்டவர். எட்டுப் பேரில் அவர்தான் வேகம். அண்ணாவுக்கு அதில் பொறாமை கிடையாது, அந்த நல்ல குணத்தை அவன் கணக்கில் வரவு வைக்க வேண்டியதுதான். வழி போடுகிற பொடியும் அவர் கொண்டு வருவதுதான். தோலில் ரோமம் உதிர்வதற்குச் சுண்ணாம்பில் ஊறப் போடுவார்களாம். கிடங்கில் புது மூட்டை பிரிக்கும்போது அதிலிருந்து ஒரு பை கேட்டு வாங்கி, வாரா வாரம் எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிறு எல்லாரும் கைகால் கழுவப் போயிருந்தபோது, இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“நீங்க நடந்து போயி போட்ட பொடி இல்ல இது. ஓடுதீய.”

நான் அடுத்த பொட்டலத்தின் நூலை இறுக்கிக் கட்டினேன்.

“ஈர மண்ணுல தடம் பாத்தேன். குதிங்காலே பதியல. எட்டு வச்சு அளந்தும் பாத்தேன்.” கொஞ்சம் சிரித்தார். “நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா கடைசி ஏத்தத்துல குனிஞ்சு ஓடாதீங்க. மூச்சு கட்டும்.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் ஒரு வாரம் காற்றில் நடந்தேன். அழகாக இருக்கிறாய், சமையல் நன்றாக இருக்கிறது, டைப்பிங்கில் தப்பில்லை, இதெல்லாம் யாராவது சொல்லியிருக்கிறார்கள். எப்படி ஓடுகிறாய் என்று என்னிடம் அவர் ஒருவர்தான் சொன்னார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் கார்த்திகை என்றெல்லாம் என் மனசு போகவில்லை, போகும் தைரியமும் இல்லை. ஒரே ஒரு தடவை அவருக்குப் பக்கத்தில் ஓட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பொடிப் பை இல்லாமல், அவர் மூச்சும் என் மூச்சும் கேட்கிற தூரத்தில்.

அந்த வருஷம் டிசம்பரில் அண்ணா ஒரு நல்ல சேதியோடு வந்தான். அவன் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் பந்தயத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்று இருந்தார். வெளியிலிருந்து ஒரு நல்ல ஓட்டக்காரனை எடுத்துக்கொள்ளலாம், டெஸ்பாட்ச் பிரிவில் அட்டெண்டர் வேலை கொடுக்கலாம் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு அவரே கிராமத்துக்கு வந்து ஓட்டம் பார்ப்பார். வெளியாட்கள் இரண்டு பேர்: தாராவிக்காரரும், ஆன்டாப் ஹில்லிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒருவரும். இருவரில் முன்னால் வருகிறவருக்கு வேலை.

தாராவிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, “ஆபீஸ்ல ஃபேன் உண்டுமா?” என்றுதான் கேட்டார். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சுண்ணாம்பில் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும்.

யாருக்கும் பழக்கமில்லாத வழியாக இருக்க வேண்டும் என்று சூப்பரின்டெண்ட் சொல்லியனுப்பினார். அண்ணா அந்த முறை ஓடாமல் நின்று, நானும் அவனுமாக ஒரு லீவு நாளில் போய்ப் புது வழி ஒன்று பார்த்துவிட்டு வந்தோம். குளத்தடியில் கிளம்பி, வயலைச் சுற்றி, பாடா என்று அங்கே சொல்கிற நாலு குடிசைக் குடியிருப்பு ஒன்றைத் தாண்டினால் பாதை பிரியும். வலது பக்கம் அகலமான வண்டிப் பாதை, கீழே உப்பளத்துக்கு இறங்கும். இடது பக்கம் புதருக்குள் நுழைகிற ஒற்றையடி, மலை மேல் ஏறும். ஓட்டம் இடது பக்கம். பொடி இல்லாவிட்டால் எவனும் வலது பக்கம்தான் போவான்.

சனிக்கிழமை டைப்பிங் கிளாஸ் முடிந்து வந்தபோது வாசல் நடை முழுக்க ஈரமாக இருந்தது. சுண்ணாம்புப் பை வைத்திருந்த மூலையில் ஒன்றுமில்லை.

“அந்தச் சுண்ணாம்பு எங்கேர்ந்து வரதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தோல் ஊறப் போடறதாமே. வாரா வாரம் வாசல்ல வெச்சிருக்கேள், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே” என்றாள் அம்மா. சாக்கடையில் கொட்டிவிட்டு, நாலு வாளி விட்டு அலம்பியிருக்கிறாள்.

“நாளைக்கு வேணுமேம்மா.”

“அதுக்கென்ன, மாவு தரேன்.”

அம்மா கெட்டவள் இல்லை. அந்தத் தாராவிக்காரருக்கும் சேர்த்துத்தான் வாரா வாரம் இட்லி கட்டிக் கொடுத்தாள், அவருக்கு ரெண்டு கூட வை, ஓடற பிள்ளை என்பாள். இலையில்தான் கட்டுவாள், பாத்திரத்தில் கொடுக்கமாட்டாள். அன்று ரேஷன் அரிசியைக் களைந்து உலர்த்தி மாவு மில்லில் கொடுத்துப் பண்டிகைக்கென்று வைத்திருந்த மாவை, ஒரு டப்பா முழுக்கப் பையில் கவிழ்த்தாள். அரிசிக்கு அடித்துக்கொள்கிற காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. நன்னா வெள்ளையா இருக்கு பார், தூரத்திலேர்ந்தே தெரியும் என்றாள். நானும் பார்த்தேன். தெரியும் என்றுதான் நினைத்தேன்.

மாவில் கோலம் போடுவதே எறும்புக்கும் குருவிக்கும் ஒரு வாய் கிடைக்கட்டும் என்றுதான். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்த விஷயம். வாசலில் போட்டால் அது புண்ணியம். மலையில் போட்டாலும் அதேதான் நடக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. சுத்தம் பார்க்கிற மும்முரத்தில் நாங்கள் வேறு எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் கிணற்றடியில் அவர் என்னிடம் வந்து, “பொடி போதுமா?” என்றார்.

“போதும்” என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். உங்கள் சுண்ணாம்பு இல்லை, இது வேறு என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வாய் இல்லை.

முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பி ஓடினேன். அவருக்காக ஓடுகிறோம் என்று இருந்தது. பாடா தாண்டிப் பாதை பிரிகிற இடத்தில், இதுதான் முக்கியமான இடம் என்று மற்ற இடங்களைவிட அதிகமாக, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். குடிசை ஓரத்தில் ஆடுகள் இன்னும் அவிழ்த்து விடாமல் கட்டிக் கிடந்தன. என்னைப் பார்த்து ஒன்று கத்தியது. மேலே ஏறினேன், அவர் சொன்னபடி நிமிர்ந்து ஏறினேன். நான் மறுபக்கம் குளத்துக்கு இறங்கும்போது அவர்கள் கிளம்புகிற விசில் கேட்டது.

குளத்தடியில் அண்ணாவும் சூப்பரின்டெண்டும் கடிகாரத்தோடு நின்றார்கள். முதலில் வந்தவர் அண்ணாவின் ஆபீஸ்காரர். இரண்டாவதும் ஆபீஸ்காரர். மூன்றாவதாக மலைச்சரிவில் தலை தெரிந்தபோது நான் எழுந்து நின்றேன். ஆன்டாப் ஹில்காரர். அவர் வந்து விழுந்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் தாராவிக்காரர் வந்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. முழங்கால் வரை கறுப்புச் சேறு. அந்த மாதிரி வேகத்தில் அவர் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

“பாடா தாண்டி பிரியுற இடத்துல பொடி இல்ல சார். உப்பளம் வரைக்கும் போயிட்டேன்” என்றார்.

ஆன்டாப் ஹில்காரர் வெள்ளந்தியாகச் சொன்னார்: “ஆமா, அங்க நாலஞ்சு ஆடு தரையை நக்கிட்டு நின்னுது. வீட்டுக்கார அம்மா வந்து இழுத்துட்டு இருந்தா. எந்தப் பக்கம்னு கேட்டோம், மேல கையைக் காட்டினா.”

முதலில் போன தாராவிக்காரருக்குக் கை காட்ட அந்த அம்மா இன்னும் வெளியே வந்திருக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் ஓடியதுதான் அவர் செய்த தப்பு.

சூப்பரின்டெண்ட் என் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர், நியாயமாகத்தான் கேட்டார். “ஏம்மா, அந்த இடத்துல பொடி போட்டிருந்தியா? இல்லேன்னா சொல்லு, அடுத்த வாரம் இவா ரெண்டு பேரையும் இன்னொரு தரம் ஓடச் சொல்லலாம்.”

“போட்டிருந்தேன் சார். ரெண்டு கை அள்ளிப் போட்டேன்” என்றேன்.

பொய் இல்லை. அதுதான் மோசம். ஆடு நக்கியது சுண்ணாம்பு இல்லை, அரிசி மாவு, என் தப்பு என்று ஒரு வரி கூடச் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்கு அடுத்த வரி என்ன என்பது எனக்குத் தெரிந்திருந்ததால் நாக்கு எழவில்லை. சூப்பரின்டெண்ட் காகிதத்தில் ஆன்டாப் ஹில்காரர் பெயரை எழுதிக்கொண்டார். அவரும் கஷ்டப்பட்டவர்தான், ஆறு பேருக்குச் சோறு போட வேண்டியவர். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

மற்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டபோது தாராவிக்காரர் என் பக்கம் வந்தார். என் காலடியில் கிடந்த பைக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து, விரலில் தேய்த்துப் பார்த்தார். தினம் சுண்ணாம்பில் கிடக்கிற கை.

“அரிசி மாவு” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. “நான் கொண்டாந்தது?”

நான் பையின் வாயைச் சுருட்டி மூடினேன்.

“வீட்ல வேண்டாம்னுட்டாவளோ?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் விரலை டவுசரில் துடைத்துக்கொண்டார். பத்தடி தூரத்தில் சூப்பரின்டெண்ட் நின்றார். இவர் திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. என்னையும் அம்மாவையும் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் இருந்தார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. என் சுண்ணாம்பை இவர்கள் வீட்டில் தீட்டு என்று கொட்டிவிட்டார்கள் என்று நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்லிக்கொள்ள அவருக்கு முடிந்திருக்காது. அதுதான் உண்மையாக இருக்கும். இட்லிப் பொட்டலத்தை நீட்டினேன். “பசிக்கல” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஜனவரியில் பந்தயம் முடிந்தது, அண்ணாவின் கம்பெனி மூன்றாவதாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்குத் திரும்பின. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. செம்பூரில் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அண்ணாவின் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, தனியாகக் கல்வாவுக்கு வண்டி ஏறினேன். அந்த மாதிரி ஒரு காரியம் அதற்கு முன்னால் நான் செய்ததில்லை.

பாடா தாண்டிப் பாதை பிரிகிற இடத்தில் மணி பார்த்துக்கொண்டு, வலது பக்கம் ஓடினேன். அவர் போன பக்கம். வண்டிப் பாதை சுலபமாக இறங்கிக்கொண்டே போயிற்று, சந்தேகம் வருகிற மாதிரி எதுவும் இல்லை. உப்பளத்து வரப்பு வந்தது, அதன் மேல் வளைந்து வளைந்து போனால் கழி வந்து பாதை நின்றுவிட்டது. முன்னால் தண்ணீர். அவருக்கும் அங்கேதான் தெரிந்திருக்கும். திரும்பி அவ்வளவையும் ஏறி ஓடி வந்தேன். என் முழு பலத்தையும் போட்டு ஓடினேன். பதினாறு நிமிஷம் ஆயிற்று.

பாதை பிரிகிற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைவிட வேகம், பன்னிரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பன்னிரண்டில் பதினொன்றை மலையேற்றத்தில் ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டு வந்து, ஒரே ஒரு நிமிஷத்தைத்தான் அவரால் மீட்க முடியாமல் போயிருக்கிறது. அப்படி ஓடினவரை அன்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. நாலாவது என்றுதான் நோட்டில் எழுதினார்கள்.

அன்று சாயங்காலமே அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு, மாவு, ஆடு, உப்பளம், பதினாறு நிமிஷம், எல்லாவற்றையும். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தான்.

“தெரியும். அம்மா கொட்டினப்போ நான் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன்” என்றான்.

“தெரிஞ்சும் அன்னிக்கு சார்கிட்ட ஏன் சொல்லலே?”

“என்னன்னு சொல்றது? நீ சொல்லு. என்னன்னு சொல்லுவே?”

அவரைப் போய்ப் பார்த்து அவரிடமாவது சொல்லிவிடலாம் என்றேன். அடுத்த ஞாயிறு ரெண்டு பேருமா போகலாம் என்றான். அந்த ஞாயிறு அவனுக்கு ஜலதோஷம். அதற்கடுத்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது.

அவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்றும் இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அவ்வளவாக இல்லை. பதினோரு நிமிஷத்தை எப்படி மீட்டீர்கள் என்று கேட்க வேண்டும், அவர் சொல்லக் கேட்க வேண்டும். எங்கள் மாட்டுங்கா வீட்டிலிருந்து தாராவி அப்படி ஒன்றும் தூரம் இல்லை. நடந்தால் இருபது நிமிஷம். அன்று நான் ஓடியிருந்தால் பத்துகூட ஆகியிருக்காது.